சல்பேட் துகளின் தோலில் இருந்ததா, ஆய்வகத்தில் பூசப்பட்டதா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு சாலையோரத்தில் 24 மணி நேரம் காற்றை இழுத்து, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களைக் குவார்ட்ஸ் ஃபில்டரில் சேகரித்திருக்கிறீர்கள். ஃபில்டரின் ஒரு பாதியைக் கொண்டு நீரில் கரையும் அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி நிறப்பிரிகை முறையில் மொத்த சல்பேட்டை அளந்துவிட்டீர்கள். இன்னொரு கால் பகுதியைத் தண்ணீரில் இட்டு, அல்ட்ராசோனிக் தொட்டியில் அதிரவைத்து, கழன்று வந்த துகளை நீரோடு சேர்த்து ஓவனில் வற்றவைத்து, மிஞ்சிய பொடியை எக்ஸ்பிஎஸ் எனப்படும் எக்ஸ் கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மொத்த அளவீட்டில் இருந்ததைப் போல மூன்று மடங்கு கந்தகம் மேற்பரப்பில் தெரிகிறது. ஆகவே, சாலையோரத் துகள்கள் சல்பேட் தோல் போர்த்தியவை என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்கிறீர்கள். கடைசிக் கால் பகுதி இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான்.

இந்தப் பொடியை வைத்து அப்படி எழுத முடியாது. துகளின் மேற்பரப்பில் சல்பேட் செறிந்திருக்க வாய்ப்பே இல்லை என்பதல்ல காரணம், இருக்கலாம். ஆனால் நீங்கள் அளந்த மேற்பரப்பு காற்றில் இருந்த மேற்பரப்பு அல்ல. அம்மோனியம் சல்பேட் நீரில் நன்றாகக் கரையும் உப்பு. துகளைத் தண்ணீரில் இட்ட கணமே அது தன் இடத்தை விட்டுக் கரைசலுக்குப் போய்விடுகிறது. கரையாத புகைக்கரியும் மண்துகளும் மட்டும் நீரில் மிதக்கின்றன. பிறகு நீங்கள் நீரை வற்றவைக்கும்போது, உப்பளத்துப் பாத்தியில் உப்பு பூப்பதைப் போல, கரைந்திருந்த அத்தனை உப்பும் கரையாமல் கிடந்தவற்றின் மேல் படிகிறது. ஓவனிலிருந்து எடுத்த கிண்ணத்தின் ஓரத்தில் வெண்மையாக ஒரு வளையம் படிந்திருந்ததை நீங்கள் கவனித்திருக்கலாம். எக்ஸ்பிஎஸ் கண்டது அந்த வெண்மையைத்தான். கருவி பொய் சொல்லவில்லை. சல்பேட் மேலே இருக்கிறது என்று சரியாகவே சொன்னது. மேலே கொண்டுவந்து வைத்தது வானிலையா ஓவனா என்பதை அதனால் சொல்ல இயலாது.

மேற்பரப்புப் பகுப்பாய்வுக் கருவிகளோடு 18 ஆண்டுகளாகப் பழகிவருகிறேன். என்னிடம் வந்த காற்றுத் துகள் மாதிரிகளில் பாழானவை பெரும்பாலும் கருவிக்குள் வருவதற்கு முன்பே பாழாகியிருந்தன. ஆகவே மேற்பரப்பு என்று சொல்லும்போது எவ்வளவு ஆழத்தைச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வழக்கமான எக்ஸ்பிஎஸ் கருவியில் அலுமினியத்தின் 1486.6 எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர் மாதிரியின் மேல் விழுகிறது. அந்தக் கதிர் ஆழமாகவே ஊடுருவும். ஆனால் அது கிளப்பிவிடும் எலக்ட்ரான்கள் வழியில் ஆற்றலை இழக்காமல் வெளியே வர வேண்டுமானால், மேலிருந்து ஏறத்தாழ 10 நானோமீட்டருக்குள் பிறந்தவையாக இருக்க வேண்டும். 2.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையில் 10 நானோமீட்டர் தடிப்புள்ள தோல் அதன் கனஅளவில் சுமார் 2.4 சதவீதம்தான். 1 மைக்ரோமீட்டர் உருண்டையில் அது 6 சதவீதத்தை நெருங்குகிறது. 100 நானோமீட்டர் உருண்டையிலோ கிட்டத்தட்டப் பாதி. அதாவது டீசல் புகையிலிருந்து வரும் மிகச் சிறிய துகள்களுக்கு வரும்போது, மேற்பரப்பு, உட்பகுதி என்ற பிரிவே பாதி பொருளிழந்துவிடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்து உங்கள் வாதத்துக்கு இன்னொரு சிக்கல் எழுகிறது; இதைப் பலரும் கவனிப்பதில்லை. அயனி நிறப்பிரிகை நிறையை அளக்கிறது. எக்ஸ்பிஎஸ் வெளியே தெரியும் பரப்பை அளக்கிறது. ஒரே ஃபில்டரில் பெரிய துகளும் சிறிய துகளும் கலந்து கிடக்கும்போது, நிறையில் பெரியவையும் பரப்பில் சிறியவையும் ஓங்கி நிற்கும். சல்பேட் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்குக் கீழுள்ள துகள்களில் குடியிருப்பது; மண்ணும் கடல் உப்பும் பெரிய துகள்களில் குடியிருப்பவை. எனவே எந்தத் துகளுக்கும் தோல் என்று ஒன்று இல்லாமல், ஒவ்வொன்றும் உள்ளும் புறமும் ஒரே பொருளாக இருந்தாலும்கூட, எக்ஸ்பிஎஸ் காட்டும் கந்தக விகிதம் மொத்த அளவீட்டை விஞ்சக்கூடும். தண்ணீரில் இடாத நல்ல மாதிரியிலும் இந்த ஐயம் எஞ்சும். இதைத் தீர்க்கத் துகள்களை அளவுவாரியாகப் பிரித்துச் சேகரிக்கும் பல அடுக்கு இம்பாக்டர் வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் மேற்பரப்பையும் மொத்தத்தையும் தனித்தனியே ஒப்பிட்ட பிறகுதான் தோல் என்ற சொல்லை நான் பயன்படுத்துவேன்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்து, எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் கொண்டு தனிமங்களைக் காட்டும் இடிஎக்ஸ் அளவீட்டை மேற்பரப்புக்கான சான்றாகச் சேர்க்கலாமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்க வேண்டாம். 15 அல்லது 20 கிலோவோல்ட் எலக்ட்ரான் கற்றை ஒரு மைக்ரோமீட்டரோ அதற்கு மேலோ உள்ளே போய்விடும். உங்கள் துகள் பலவற்றை அது முழுவதுமாகத் துளைத்து அடியில் இருக்கும் ஃபில்டரையும் சேர்த்தே படிக்கிறது. படத்தில் நாம் பார்ப்பது துகளின் மேற்புறம் என்பதால், எண்களும் மேற்புறத்தைச் சேர்ந்தவை என்று நினைத்துவிடுகிறோம். துகளின் வடிவத்தையும் அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் அறிய இடிஎக்ஸ் மிக நல்ல கருவி. அந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நகரத் துகளின் மேற்பரப்பு அதன் உட்பகுதியிலிருந்து வேறுபடும் என்ற எண்ணத்துக்கு வலுவான அடித்தளம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் உங்களை முயற்சியிலிருந்தே விலக்குவதாகத் தோன்றும். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரத்துப் புகைமூட்டத் துகள்களைத் திஹோமிர் நோவகோவ் என்ற ஆய்வாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் இதே ஒளியெலக்ட்ரான் முறையில் ஆராய்ந்தார்கள். நைட்ரஜன் என்றால் நைட்ரேட்டும் அம்மோனியமும்தான் என்று கருதப்பட்டுவந்த இடத்தில், அவற்றில் சேராத ஒடுக்க நிலை நைட்ரஜன் சேர்மங்களும் இருப்பதைக் கண்டார்கள். புகைக்கரியின் பரப்பு வினையூக்கியாக நின்று கந்தக டைஆக்சைடைச் சல்பேட்டாக்கக்கூடும் என்ற கருத்தை அவர் குழு 1974இல் முன்வைத்தது. 1976இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, நிலக்கரிச் சாம்பல் துகளிலும் அக்கால வாகனப் புகைத் துகளிலும் ஈயம் போன்ற தனிமங்கள் மேற்பரப்பில் செறிந்திருப்பதைக் காட்டியது. காரணம் எளிமையானது: உலையின் வெப்பத்தில் ஆவியாகும் தனிமங்கள், புகை குளிரும்போது ஏற்கெனவே திடமாக இருக்கும் சாம்பல் துகளின் மேல் வந்து படிகின்றன. இந்த வழிமுறையில் எனக்கு ஐயம் எதுவுமில்லை. ஒரு நகரத்தில் ஒரு நாளில் சேகரித்த ஒரு ஃபில்டரில் அது எந்த அளவுக்குத் தெரியும் என்பதுதான் ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவ வேண்டியது.

இப்போது ஃப்ரீசரில் இருக்கும் கால் பகுதிக்கு வருவோம். அதைத் தண்ணீரில் இட வேண்டாம், அரைக்க வேண்டாம், பசை நாடாவால் ஒற்றியெடுக்கவும் வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, அப்படியே கருவிக்குள் வையுங்கள். உடன் எடுத்துச்சென்று காற்று இழுக்காமல் திரும்பக் கொண்டுவந்த வெற்று ஃபில்டரிலிருந்தும் அதே அளவு துண்டு வேண்டும். குவார்ட்ஸ் என்பதே சிலிக்கான் டைஆக்சைடு என்பதால், சிலிக்கானைப் பற்றியும் ஆக்சிஜனைப் பற்றியும் இந்த மாதிரியிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. அதை ஏற்றுக்கொண்டு கார்பன், நைட்ரஜன், கந்தகம், சோடியம் ஆகியவற்றோடு நில்லுங்கள். துகள்களில் ஒரு பகுதி இழைகளுக்கு நடுவே உள்ளிறங்கியிருக்கும். கருவி அவற்றைக் காணாது. அடுத்த முறை சேகரிக்கும்போது மேற்பரப்பு ஆய்வுக்கென்று தனியாக, இம்பாக்டரில் சிலிக்கான் தகட்டையோ இண்டியம் தகட்டையோ வைத்துச் சேகரியுங்கள். டெஃப்லான் ஃபில்டர் எடை பார்க்க அருமையானது. ஆனால் எக்ஸ்பிஎஸ் நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தன் எலக்ட்ரானின் பிணைப்பாற்றலுக்கு ஏற்ற இடத்தில் ஒரு முகடாக எழும்; 689 எலக்ட்ரான் வோல்ட்டில் டெஃப்லானின் ஃபுளோரின் முகடு ஓங்கி நிற்பதோடு, அதன் கார்பனும் 292 அருகே நின்று உங்கள் கார்பன் பகுதிக்குள் தலைநீட்டும்.

மாதிரியை எதில் வைத்து அனுப்புகிறீர்கள் என்பதும் மேற்பரப்பு வேதியியல்தான். பூட்டுப்பை என்று நாம் வாங்கும் பாலித்தீன் பைகளில், அவை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் கொழுப்பு அமைடுகள் மாதிரியின் மேல் ஏறிவிடும். சில நானோமீட்டர் படலம் போதும். நீங்கள் ஆராய நினைத்த தோலுக்கு மேல் இன்னொரு தோல் வந்துவிடும். கண்ணாடிப் பெட்ரித் தட்டில் வைத்து, அதை அலுமினியத் தாளில் சுற்றி அனுப்புவதே நல்லது.

அடுத்தது வெற்றிடம். எக்ஸ்பிஎஸ் கருவியின் உள்ளே காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அம்மோனியம் சல்பேட் இதைப் பெரும்பாலும் தாங்கும். அம்மோனியம் நைட்ரேட் தாங்காது. அம்மோனியாவாகவும் நைட்ரிக் அமிலமாகவும் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும், எக்ஸ் கதிரும் நைட்ரேட்டைச் சிதைக்கும். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் கருவிக்குள் வந்த முதல் மணி நேரத்திலேயே விடைபெற்றுவிடும். எனவே கருவியை இயக்குபவரிடம் இரண்டு வேண்டுகோள் வையுங்கள். மாதிரித் தாங்கியைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்க முடியுமா என்று கேளுங்கள். வழக்கமாக முதலில் எடுக்கும் முழு நிறமாலைக்கும் முன்பாக நைட்ரஜன் 1எஸ் பகுதியை (1எஸ், 2பி, 3டி போன்றவை எலக்ட்ரான் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதைக் குறிக்கும்) எடுத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் அதே இடத்தில் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை 407 எலக்ட்ரான் வோல்ட் அருகே இருந்த நைட்ரேட் முகடு இரண்டாம் தடவை தாழ்ந்திருந்தால், எவ்வளவு இழந்தோம் என்பதற்கு ஒரு கீழ்வரம்பாவது கிடைக்கும். அம்மோனியம் 402க்குச் சற்றுக் கீழே நிற்கும். கரிம நைட்ரஜன் 400ஐ ஒட்டி நிற்கும். இவை மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று நன்றாக விலகி நிற்பதால் நைட்ரஜனின் வேதி நிலையை அடையாளம் காண்பதில் குழப்பம் குறைவு. கந்தகம் 169 அருகே நின்றால் அது சல்பேட்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். எந்த நேரயனியோடு சேர்ந்த சல்பேட் என்பதை அந்த முகடு மட்டும் சொல்லாது.

கார்பனில்தான் இடர் அதிகம். மின்கடத்தாத மாதிரியில் மின்னூட்டம் தேங்கி எல்லா முகடுகளும் இடம்பெயரும். அதைச் சரிசெய்ய 284.8 எலக்ட்ரான் வோல்ட்டில் கார்பனை நிறுத்திவிடுவது நெடுநாள் வழக்கம். மற்ற மாதிரிகளில் அந்தக் கார்பன் காற்றிலிருந்து ஒட்டிய அழுக்கு. நகரத் துகளிலோ அதுவே ஆய்வுப் பொருள். புகைக்கரியா, எண்ணெய்ப் படலமா என்று எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையே அளவுகோலாக வைப்பது வட்டத்துக்குள் சுற்றுவதாகும். சல்பேட் கந்தகத்தையும் சோடியத்தையும் சேர்த்துப் பார்த்து, மூன்றும் ஒரே அளவு இடம்பெயர்ந்திருக்கின்றனவா என்று சோதித்த பிறகே கார்பனின் உட்கூறுகளைப் பிரிக்கத் தொடங்குங்கள். விறகுப் புகை கலந்த மாதிரியானால் 293க்கும் 296க்கும் பொட்டாசியம் வந்து நிற்கும்; அதை உயர் ஆக்சிஜனேற்ற நிலைக் கார்பன் என்று பெயரிட்ட நிறமாலைகளை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பெயரிடுவதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு மறுநாள் காலை சேகரித்த மாதிரி ஒன்று வந்தது. 780 எலக்ட்ரான் வோல்ட்டில் கூர்மையாக ஒரு முகடு, அதிலிருந்து 15 எலக்ட்ரான் வோல்ட் தள்ளி அதன் இணை. மென்பொருள் அதைக் கோபால்ட் என்றது. நானும் அப்படியே அறிக்கை எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அந்த மாணவி தொலைபேசியில், “பட்டாசில் கோபால்ட் எதற்கு சார் போடுகிறார்கள்?” என்று கேட்டார். அதன் பிறகுதான் நிறமாலையின் மறுகோடியில் 90 எலக்ட்ரான் வோல்ட் பகுதியைப் பார்த்தேன். பேரியத்தின் 4டி முகடு அங்கே இருந்தது. பச்சை வண்ணத்துக்குப் பட்டாசில் சேர்க்கும் பேரியத்தின் 3டி முகடும் கோபால்ட்டின் 2பி முகடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. அன்றிலிருந்து ஒரே ஒரு முகட்டை வைத்து எந்தத் தனிமத்தின் பெயரையும் எழுதுவதில்லை. உங்கள் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு தனிமத்துக்கும் இரண்டாவது முகடு எங்கே என்று கேட்டு வாங்குங்கள்.

ஆழத்தைப் பற்றி நேரடியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், சென்னை மாதிரியில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கடற்கரை நகரம் என்பதால் சோடியம் கிடைக்கும். சோடியம் 1எஸ் எலக்ட்ரான் சுமார் 415 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு வெளிவருகிறது. 2எஸ் எலக்ட்ரான் சுமார் 1,420 எலக்ட்ரான் வோல்ட்டோடு வருகிறது. முன்னது மேலோட்டமானது, பின்னது அதைவிட ஆழத்திலிருந்து வரக்கூடியது. ஒவ்வொரு முகடும் கருவியில் எவ்வளவு வலுவாகத் தெரியும் என்பதைக் குறிக்கும் உணர்திறன் காரணிகளால் திருத்திய பின் இரண்டும் ஒரே சோடிய அளவைச் சொன்னால், சோடியம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறது. 2எஸ் அதிகமாகச் சொன்னால், சோடியத்தின் மேல் ஏதோ ஒரு படலம் மூடியிருக்கிறது. 2எஸ் முகடு வலுவற்றது, நீண்ட நேரம் எண்ண வேண்டியிருக்கும், எனவே பிழை வரம்பும் பெரிதாக இருக்கும். ஆனாலும் புதிய கருவி எதுவும் தேவையில்லாத, துகளைச் சிதைக்காத சோதனை இது. அயனிக் கற்றையால் செதுக்கிச் செதுக்கி ஆழம் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். கரடுமுரடான துகளின் ஒரு பக்கம் நிழலில் நிற்கும். செதுக்கும் கற்றையே நைட்ரேட்டைச் சிதைத்து, மூவிணைதிற இரும்பை ஈரிணைதிற இரும்பாக ஒடுக்கிவிடும்.

டோஃப்-சிம்ஸ் எனப்படும் இரண்டாம்நிலை அயனி நிறை நிறமாலைக் கருவி உங்களுக்குக் கிடைக்குமானால், மேலுள்ள ஒன்றிரண்டு நானோமீட்டரை மட்டும் தொட்டு, பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களை மூலக்கூறாகவே அது காட்டும். எக்ஸ்பிஎஸ் அதைச் செய்யாது. அதற்கு அவை எல்லாமே வெறும் கார்பன்தான். ஆனால் டோஃப்-சிம்ஸ் எண்களிலிருந்து அளவு கூற வேண்டாம். சுற்றியிருக்கும் பொருள் மாறினாலே அயனி விளைச்சல் பல மடங்கு மாறும்.

ஈயம், ஆர்சனிக் போன்றவை எக்ஸ்பிஎஸ்ஸில் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். துகளின் நிறையில் 0.05 சதவீதம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அணுக்களின் எண்ணிக்கையில் அது சுமார் 0.003 சதவீதம்தான், சீராகப் பரவியிருந்தால் இந்தக் கருவியின் கண்ணுக்கு எட்டாது. ஆகவே தெரியவில்லை என்பதிலிருந்து இல்லை என்ற முடிவுக்குப் போக வேண்டாம். மாறாக, மொத்த அளவில் இவ்வளவு குறைவாக இருக்கும் ஈயம் எக்ஸ்பிஎஸ்ஸில் தெளிவாகத் தெரிந்திருந்தால், அது மேற்பரப்பில் செறிந்திருப்பதற்கு அதுவே நல்ல அறிகுறியாக இருந்திருக்கும். ஒப்பீட்டுக்கு அமெரிக்கத் தர நிறுவனத்தின் 1648ஏ நகரத் துகள் மாதிரியைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: 1970களில் செயின்ட் லூயிஸ் நகரில் சேகரித்த அந்தப் பொடிக்குச் சான்றளித்த எண்கள் பொடியின் மொத்த வேதி இயைபுக்கு உரியவை. கருவி இன்றும் நேற்றுப்போலவே வேலை செய்கிறதா என்று பார்க்க அது உதவும். உங்கள் மேற்பரப்பு எண் சரியா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இன்னும் இரண்டு இடங்களில் உங்கள் வாக்கியம் சான்றைத் தாண்டிப் போகிறது. சாலையோரத் துகளின் சல்பேட் என்று எழுதும்போது வாகனத்தைச் சுட்டுகிறீர்கள். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் டீசலிலும் பெட்ரோலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. வடசென்னையில் நிலக்கரி மின்நிலையமும் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உள்ள நகரத்தில், நீங்கள் அளந்த சல்பேட்டில் பெரும்பகுதி வேறெங்கோ கந்தக டைஆக்சைடாகப் புறப்பட்டு, வழியில் ஆக்சிஜனேற்றமடைந்து, உங்கள் சாலைக்கு வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேற்பரப்பு வேதியியல் அது சல்பேட் என்பதைச் சொல்லும். எங்கிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்லாது. மற்றொன்று உடல்நலம். நுரையீரலை முதலில் தொடுவது மேற்பரப்புதான் என்பது உண்மை. ஆனால் கரையும் உப்பு ஈரத்தைத் தொட்டதும் கரைந்துவிடுவதால், சல்பேட் மேலே இருந்ததா உள்ளே இருந்ததா என்பது அங்கே அவ்வளவு முக்கியமாகாமல் போகலாம். கரையாத கரியின் மேல் ஒட்டிய உலோகங்களுக்கும் கரிமச் சேர்மங்களுக்கும்தான் அந்தக் கேள்வி கூர்மையாகப் பொருந்தும். துகளின் எந்தக் கூறு எவ்வளவு கேடு செய்கிறது என்பதில் ஆய்வுலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் கருவிக்காரன், மருத்துவன் அல்லன். இதற்கு மேல் போக எனக்குத் தகுதி இல்லை.

ஆகவே இப்போதுள்ள பொடியின் முடிவை ஆய்வேட்டின் பின்னிணைப்பில், தயாரித்த முறையோடு சேர்த்து, நீரில் இட்டு உலர்த்திய மாதிரி என்று பெயரிட்டு வையுங்கள்; மறைக்க வேண்டியதில்லை. நேரடித் துண்டின் முடிவு வந்தபின் இரண்டையும் அருகருகே வைத்தால், உலர்த்தல் கந்தகத்தை எவ்வளவு மேலே கொண்டுவருகிறது என்பதை எண்ணோடு காட்ட முடியும். அது பிறருக்கும் பயன்படும் பங்களிப்பு. நேரடித் துண்டிலும் கந்தகம் மிகுந்திருந்தால், பரப்பு சார்ந்த அளவீட்டில் சல்பேட் மிகுந்து காணப்படுகிறது என்று மட்டும் எழுதுங்கள். தோல் என்ற சொல் இம்பாக்டர் மாதிரிகள் வரும்வரை காத்திருக்கட்டும்.

ஃப்ரீசரிலிருந்து அந்தக் கால் பகுதியை எடுக்கும் நாளில், தட்டின் மூடியை உடனே திறக்க வேண்டாம். சுற்றிய தாளோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட உலர்பெட்டியில் வைத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிர்ந்த ஃபில்டரைச் சென்னைக் காற்றில் திறந்தால் சில நொடிகளில் அதன் மேல் பனித்துளி கோத்துக்கொள்ளும். அல்ட்ராசோனிக் தொட்டி செய்ததை அந்த ஈரமே செய்துவிடும்.